ஓஸ்வினும் அரசர்தான்

ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து என்று ஒரே நாடு இருக்கவில்லை. தென்கிழக்கு மூலையில் கென்ட், தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே எசெக்ஸ், மேற்கே வெசெக்ஸ், நடுநாட்டில் மெர்சியா, வடக்கே நார்தம்பிரியா என்று பல அரசுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. இவற்றில் கென்ட்டை 689, 690ஆம் ஆண்டுகளில் ஆண்டவர்களில் ஒருவர் ஓஸ்வின். அவர் எங்கே பிறந்தார், யாரை மணந்தார், எந்தப் போரில் நின்றார், எப்படி இறந்தார் என்பதற்கு ஒரு வரிச் செய்தியும் இல்லை. ஆங்கிலோ-சாக்ஸன் காலவரிசைக் குறிப்பில் அவர் பெயர் கிடையாது. அந்தக் காலத்துக்கு நமக்குள்ள தலையாய வரலாற்றாசிரியரான பீட் என்னும் துறவியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. லத்தீனில் எழுதப்பட்ட மூன்று நிலக்கொடைச் சாசனங்கள்தான் ஓஸ்வினைப் பற்றிய ஆதாரம் முழுவதும். இதனாலேயே வரலாற்று நூல்கள் அவரை ஓரமாக வைத்துவிட்டு நகர்கின்றன. உரிமையில்லாமல் இடையில் புகுந்தவர், ஏதோ ஒரு குழப்பத்தின் துணுக்கு என்பதற்கு மேல் அவருக்கு இடம் தருவதில்லை. இந்த மதிப்பீடு தவறு என்பது என் வாதம். கதையாக எழுதப்பட்ட வரலாற்றைவிட, நிலம் கைமாறுவதற்காக எழுதப்பட்ட ஆவணம் சில இடங்களில் நேர்மையான சாட்சி. ஓஸ்வினின் வழக்கில் அது ஐயமற நிற்கிறது.

முதலில் சூழலைப் பார்க்க வேண்டும். கென்ட்டின் அரசர் ஹ்லோத்ஹியர் 685 பிப்ரவரியில் போர்க்காயத்தால் இறந்தார். அவரை எதிர்த்துப் படை திரட்டியவர் அவருடைய அண்ணன் மகன் ஈட்ரிக். அந்த ஈட்ரிக்கும் ஒன்றரை ஆண்டுதான் ஆண்டார். 686இல் வெசெக்ஸ் அரசர் கேட்வாலா கென்ட்டுக்குள் புகுந்து சூறையாடினார். அவர் தம்பி முல் அங்கே அரசராக அமர்ந்தார். 687இல் கென்ட் மக்கள் முல்லையும் அவருடன் இருந்த 12 பேரையும் தீயிட்டுக் கொன்றார்கள். கேட்வாலா 688இல் முடி துறந்து ரோமுக்குப் போனார். மறு ஆண்டு ஈஸ்டரை ஒட்டி அங்கே திருமுழுக்குப் பெற்றுச் சில நாட்களிலேயே இறந்தார். இப்படி வெற்றிடமான கென்ட்டில்தான் ஓஸ்வின் அரசராகத் தென்படுகிறார். அவருடன் எசெக்ஸ் அரசர் செபியின் மகன் ஸ்வாஃப்ஹேர்டும் அரசர் என்ற பட்டத்துடன் இருக்கிறார். இருவருக்கும் பின்னால் மெர்சியாவின் அரசர் ஏதெல்ரெட் இருக்கிறார். சில ஆண்டுகளில் விட்ரெட் என்பவர் அரசரானார். அவர் முந்தைய கென்ட் அரசர் எக்பெர்ட்டின் மகன். 725 வரை நீண்ட காலம் ஆண்டு, மூன்று மகன்களை வாரிசாக விட்டுச் சென்றார்.

பீட் தம் திருச்சபை வரலாற்றை 731இல் முடித்தார். ஈட்ரிக்குக்கும் விட்ரெட்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் எழுதுகிறார். உரிமை ஐயத்துக்குரியவர்களும் அந்நியர்களுமான அரசர்கள் சிறிது காலம் அந்த நாட்டைச் சீரழித்தார்கள், பிறகு முறையான அரசரான விட்ரெட் வந்து மக்களை மீட்டார் என்பது அதன் சாரம். 1,300 ஆண்டுகளாக ஓஸ்வினின் மீது படிந்திருக்கும் நிழல் இந்த ஒரு வாக்கியத்தின் நிழல்தான். இது பீடுக்கு எங்கிருந்து வந்தது? நார்தம்பிரியாவின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் கென்ட்டை நேரில் அறிந்தவர் அல்லர். கென்ட்டின் செய்திகளைத் தமக்குத் தந்தவர் யார் என்று முன்னுரையில் அவரே நன்றியோடு சொல்கிறார். கேன்டர்பரியில் புனித பேதுரு, பவுல் மடத்தின் தலைவர் ஆல்பினஸ்தான் அவர். லண்டன் குரு நாத்ஹெல்ம் அந்தச் செய்திகளைக் கொண்டுசேர்த்தார். 731இல் கென்ட்டை ஆண்டவர்கள் விட்ரெட்டின் மகன்கள். அவர்கள் ஆட்சியின் கீழ் வாழும் ஒரு மடத்தின் தலைவர், அவர்கள் தந்தைக்குப் போட்டியாக இருந்தவர்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. முறையான அரசர் என்ற சொல் வென்றவரின் வீட்டில் உருவான சொல்.

இப்போது சாசனங்களுக்கு வருவோம். 689 ஜூலையில் ஓஸ்வின் ஒரு கொடை தருகிறார். லிமிஞ்ச் என்னும் அரச ஊருக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில் ஓர் ஏர் நிலம் அது. அதில் இரும்பு கிடைக்கிறது என்று அறியப்பட்டிருப்பதாகச் சாசனமே சொல்கிறது. பொன் கொடுத்தார், மாளிகை கொடுத்தார் என்ற பொதுவான பெருமைப் பேச்சாக இல்லாமல், மண்ணுக்கடியில் இருக்கும் கனிமத்தைக் குறித்துக் கொடுத்த கொடை இது. ஆங்கிலோ-சாக்ஸன் காலத்தின் தொடக்கத்தில் இரும்பு எடுப்பதைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிக அரிய சான்றுகளில் ஒன்றும் ஆகும். அடுத்த ஆண்டு ஜனவரியில் இன்னொரு பெறுநருக்குக் கொடை போகிறது. தானெட் தீவில் பெண் துறவிகளின் மடத்தை நடத்திய ஆபாவுக்கு, கேன்டர்பரிக்கு அருகில் உள்ள ஸ்டரியிலும் தானெட்டிலும் நிலம் கிடைக்கிறது. ஆபா சாதாரணப் பெண் அல்லர். மரபுச் செய்திகளின்படி கென்ட் அரச குடும்பத்தில் பிறந்தவர். கொல்லப்பட்ட தம் சகோதரர்கள் இருவருக்கு ஈடாகக் கிடைத்த நிலத்தில் அந்த மடத்தை நிறுவியவர். ஓஸ்வினும் அந்தக் குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் அந்நியர் என்ற அடைமொழி அவருக்குப் பொருந்தாது. மிஞ்சுவது உரிமை ஐயத்துக்குரியவர் என்பது மட்டுமே.

அந்த ஐயம் யாருடையது? இங்கேதான் முதல் சாசனத்தின் பெறுநரைக் கவனிக்க வேண்டும். இரும்பு நிலத்தைப் பெற்றது கேன்டர்பரியின் புனித பேதுரு, பவுல் மடம். ஆம், பின்னாளில் பீடுக்குச் செய்தி தந்த ஆல்பினஸ் தலைமை ஏற்ற அதே மடம்தான். 689இல் அதன் தலைவராக இருந்தவர் வட ஆப்பிரிக்காவில் பிறந்த ஹேட்ரியன். அவருடைய நண்பரும் தலைமைப் பேராயருமான தியோடர் ஆசியா மைனரின் தார்சஸ் நகரத்தவர். கிரேக்கமும் லத்தீனும் ரோமானியச் சட்டமும் கற்பித்த அவர்களைவிடக் கற்றவர்கள் அன்றைய இங்கிலாந்தில் இல்லை. நிலம் வாங்குபவர் மூலப்பத்திரம் வரை பார்த்து, வில்லங்கம் இருக்கிறதா என்று விசாரித்துத்தான் கையெழுத்துக்குப் போவார்; தானமாகப் பெறுபவரும் அப்படித்தான். கொடுப்பவருக்கு உரிமை இல்லையென்றால் பெற்றவர் கையில் இருப்பது வெறும் தோல் ஏடு. ஹேட்ரியனின் மடம் ஓஸ்வினை கென்ட்டின் அரசர் என்று எழுதி, அவர் கொடையை ஏற்று, அந்த ஏட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. அவருடைய அரசுரிமையில் அவர்களுக்கு ஐயம் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆக, ஒரே மடத்திலிருந்து இரண்டு சாட்சியங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஒன்று 689இல், ஓஸ்வின் உயிரோடு இருந்தபோது, தங்கள் சொத்தைப் பணயமாக வைத்து அந்த மடத்தார் ஒப்புக்கொண்டது. மற்றொன்று 40 ஆண்டுகள் கழித்து, வேறொரு குடும்பக் கிளையின் ஆட்சி நிலைத்துவிட்ட பிறகு, பெயர் குறிப்பிடாமல் சொல்லப்பட்டது. எந்த நீதிமன்றமும் முதல் சாட்சியத்தையே பெரிதாக எடுத்துக்கொள்ளும். வரலாற்றெழுத்து மட்டும் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. காரணம், அது அழகான நடையில், ஒரு பெரிய நூலுக்குள் இருக்கிறது. முதலாவது ஒரு கொடை ஏட்டின் தொடக்க வரியில் இருக்கிறது. படிக்க இனிதாக இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை வரலாற்றுத் துறையினர் அறிவார்கள். அறிந்தும் அரசர் வரிசை என்று வரும்போது பழைய பழக்கம் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது என்பதே என் வருத்தம்.

ஓர் அரசரின் பெயரைத் திட்டமிட்டே விட்டுவிடுவார்களா என்று கேட்கலாம். விட்டிருக்கிறார்கள் என்பதற்கு பீட் நூலிலேயே சான்று உண்டு. நார்தம்பிரியாவில் எட்வின் 633இல் போரில் வீழ்ந்த பிறகு, ஆஸ்ரிக், ஈன்ஃபிரித் என்ற இருவர் ஆளுக்கொரு பகுதியை ஆண்டார்கள். இருவரும் கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள். இருவரும் விரைவில் கொல்லப்பட்டார்கள். அரசர்களின் ஆட்சி ஆண்டுகளைக் கணக்கிடுபவர்கள் ஒருமனதாக இவர்கள் நினைவையே அழித்துவிட முடிவு செய்து, அந்த ஆண்டை அடுத்து வந்த ஆஸ்வால்டின் கணக்கில் சேர்த்துவிட்டதாக பீட் வெளிப்படையாக எழுதுகிறார். அதை அவர் குறையாகவும் சொல்லவில்லை. பிடிக்காதவர்களை நீக்கி அரசர் கணக்கைச் சீராக்குவது அந்தக் காலத்தின் வெளிப்படையான நடைமுறை. இதை அறிந்த பிறகும், ஒருவர் பெயர் வரலாற்று நூலில் இல்லை என்பதை அவருடைய சிறுமைக்கு ஆதாரமாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓஸ்வினின் சாசனங்கள் எதுவும் மூல ஏடாகக் கிடைக்கவில்லை. கென்ட்டில் மூலமாகவே எஞ்சியிருக்கும் மிகப் பழைய சாசனம் 679இல் ஹ்லோத்ஹியர் ரிகல்வர் மடத்துக்குக் கொடுத்தது. அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஓஸ்வினின் சாசனங்களோ பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட மட ஆவணப் பிரதிகள் வழியாகத்தான் நமக்கு வந்தன. ஆபாவின் மடத்து ஆவணங்களும் பின்னாளில் கேன்டர்பரி மடத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டதால், எல்லாம் ஒரே கிடங்கின் வழியாக வந்தவை. அந்த மடத்தார் போலி ஆவணம் புனைந்தவர்கள் என்பதும் நிரூபணமானது. 605ஆம் ஆண்டு என்று தேதியிட்டு, முதல் கிறிஸ்தவ அரசரான ஏதெல்பெர்ட்டின் பெயரில் அவர்கள் வைத்திருந்த சாசனங்களை இன்று எந்த அறிஞரும் நம்புவதில்லை. அப்படியிருக்க ஓஸ்வினின் சாசனங்களை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

போலி எழுதுபவரின் நோக்கத்தை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர் ஏதெல்பெர்ட்டைத் தேர்ந்தெடுத்தார். ஏனென்றால் அந்தப் பெயரைக் கேட்டதும் எதிராளி வாயடைத்துப் போவார். எந்த அரசர் வரிசையிலும் இல்லாத, பீட் பெயர் சொல்லாத, வழக்கில் காட்டினால் யார் இவர் என்று கேட்கவைக்கும் ஓர் அரசரின் பெயரில் போலி புனைய யாருக்கும் காரணம் இல்லை. காலக்குறிப்பும் இதையே சொல்கிறது. இந்தச் சாசனங்கள் ரோமானிய நிர்வாகத்திலிருந்து வந்த இண்டிக்‌ஷன் என்ற 15 ஆண்டுச் சுழற்சியின்படி காலம் குறிக்கின்றன. கிறிஸ்து பிறந்த ஆண்டிலிருந்து எண்ணும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது பீடின் நூல்களுக்குப் பிறகு. பின்னாளில் புனைபவர் தம் காலத்துப் பழக்கப்படி எளிதான ஆண்டுக்கணக்கையே போட்டிருப்பார். 605 என்று போட்டவர்களைப் போல. மேலும் ஓஸ்வினின் கொடையில் தோன்றும் உடன் அரசரும், அதே ஆபாவுக்கு ஸ்வாஃப்ஹேர்ட் கொடுத்த தனிச் சாசனங்களும், மெர்சியா அரசர் தந்த உறுதிப்படுத்தலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. படியெடுத்தவர்கள் பெயர்களைச் சிதைத்திருக்கிறார்கள், சில சொற்களைக் குழப்பியிருக்கிறார்கள். அது கவனக்குறைவு, புனைவு அல்ல. இந்த மடத்தின் சாசனங்களை 1995இல் பதிப்பித்த சூசன் கெல்லியின் உழைப்பு, எது போலி எது உண்மை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒட்டுமொத்தமாக நம்புவதற்கும் ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதற்கும் இனி சாக்கு இல்லை.

சாசனத்தின் சொல்லுக்கு மண்ணும் சாட்சி சொல்லத் தொடங்கியிருக்கிறது. ரெடிங் பல்கலைக்கழகத்தின் காபோர் தாமஸ் தலைமையில் லிமிஞ்சில் நடந்த அகழாய்வில், 2012இல் ஊர்ப் பொதுத் திடலுக்கு அடியில் சுமார் 21 மீட்டர் நீளமும் 8.5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மர மண்டபத்தின் அடித்தடம் வெளிப்பட்டது. அரசரும் அவர் பரிவாரமும் கூடி விருந்துண்ணும் வகை மண்டபம் அது. லிமிஞ்ச் அரச ஊர் என்று ஓஸ்வினின் சாசனம் போகிற போக்கில் சொன்னதை அந்த மண்டபம் உறுதி செய்கிறது. அதற்கு முன்பே, 2010இல், அங்கே ஒரு கலப்பையின் பெரிய இரும்புப் பாகம் கிடைத்திருந்தது: கொழுவுக்கு முன்னே மண்ணைச் செங்குத்தாகக் கீறிக்கொண்டு போகும் கத்தி, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அத்தகைய கனத்த கலப்பை இங்கிலாந்துக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் என்று பலரும் நினைத்திருந்தார்கள். அந்த இரும்பு ஓஸ்வின் கொடுத்த நிலத்திலிருந்து வந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். அதற்குச் சான்று இல்லை. ஆனால் லிமிஞ்சின் ஆட்சியாளர்களுக்கு இரும்பு எவ்வளவு மதிப்புடையது என்பதை அது கையில் எடுத்துக் காட்டுகிறது. இரும்பு உள்ள நிலத்தைத் தம்மிடமிருந்து பிரித்து ஒரு மடத்துக்குக் கொடுத்த அரசர், அது என்ன என்று தெரிந்தே கொடுத்தார்.

இன்னொரு மறுப்பு, ஓஸ்வின் மெர்சியாவின் கைப்பாவை என்பது. ஏதெல்ரெட்டின் ஒப்புதலைச் சாசனத்தில் பெற்றுக்கொண்டவர் எப்படி அரசராவார் என்று கேட்கிறார்கள். ஏதெல்ரெட் 676இல் கென்ட்டைச் சூறையாடி, ராச்செஸ்டர் நகரத்தையும் அழித்தவர். அப்படிப்பட்டவரின் ஆதரவில் வந்தவரை கென்ட் மக்கள் விரும்பியிருக்க மாட்டார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் மேலரசரின் ஒப்புதல் என்பதை அரசுரிமைக்குக் குறையாகக் கருதினால், அந்த நூற்றாண்டின் ஆட்சியாளர்களில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். 670களின் தொடக்கத்தில் சர்ரே பகுதியை ஆண்ட ஃபிரிதுவோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். செர்ட்சி மடத்துக்கு அவர் கொடுத்த சாசனத்தில், மெர்சியா அரசர் வுல்ஃபியருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர் என்று தம்மை மறைக்காமல் சொல்கிறார். அந்தக் கொடையை வுல்ஃபியர் தேம் என்ற ஊரில் பலிபீடத்தின் மேல் கைவைத்து உறுதி செய்கிறார். பீடுக்கு செர்ட்சி மடம் தெரியும், அதை நிறுவிய எர்க்கன்வால்டும் தெரியும். நிலம் கொடுத்த ஃபிரிதுவோல்ட் மட்டும் அவர் நூலில் இல்லை. மேலரசர், அவருக்குக் கீழே உள்ளூர் அரசர், அவருக்குக் கீழே மடமும் ஊரும் என்று ஆட்சி உண்மையில் எப்படி அடுக்கடுக்காக இயங்கியது என்பதைப் பெரிய நூல்கள் அல்ல, இந்தக் கொடை ஏடுகளே காட்டுகின்றன. இருவர் சேர்ந்து ஆள்வதும் கென்ட்டுக்குப் புதிதல்ல. ஹ்லோத்ஹியர், ஈட்ரிக் இருவர் பெயரிலும் ஒரே சட்டத்தொகுப்பு உண்டு. விட்ரெட்டின் மகன்களும் அரசைப் பகிர்ந்துகொண்டவர்களே. ஓஸ்வினுக்கு மட்டும் தனியாட்சி வேண்டும், முழு விடுதலை வேண்டும் என்று அளவுகோலை மாற்றுவது நியாயமில்லை.

இரண்டு ஆண்டுகூட நிலைக்காத ஆட்சிக்கு இத்தனை பேச்சு எதற்கு என்பாரும் உண்டு. ஓஸ்வினைப் பெரிய அரசர் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்லவரா, கொடியவரா என்பதைச் சொல்ல ஒரு சொல் ஆதாரமும் இல்லை. அந்த இடத்தை வீரத்தாலோ சோகத்தாலோ நிரப்புவது பீட் செய்ததைவிட மோசமான தவறு. கேட்பது ஒன்றுதான். முல்லும் சில மாதங்களே ஆண்டவர், வெளியிலிருந்து திணிக்கப்பட்டவர். ஆனால் அவர் எரித்துக் கொல்லப்பட்டதால் காலவரிசைக் குறிப்பில் இடம் பெற்றார். அந்தக் கொலைக்கு ஈடாக 694இல் கென்ட் மக்கள் வெசெக்ஸ் அரசர் ஐனிக்குப் பெரும் தொகை கொடுத்ததால் மறுபடியும் இடம் பெற்றார். கொடூரமாகச் செத்தவர் வரலாற்றில் நிற்கிறார், நிலத்தை ஒழுங்காகக் கைமாற்றியவர் நிற்கவில்லை என்றால், நாம் அளந்தது ஆட்சியை அல்ல, பரபரப்பை.

ஓஸ்வினின் கொடைகளை விட்ரெட் செல்லாததாக்கியதற்கும் சான்று கிடையாது. 694இல் அவரும் அதே ஆபாவுக்கு நிலம் கொடுத்தார். ஆபாவின் மடம் ஓஸ்வினின் ஏட்டையும் ஸ்வாஃப்ஹேர்டின் ஏட்டையும் விட்ரெட்டின் ஏட்டையும் ஒன்றாகவே பாதுகாத்தது. அந்தப் பெண் துறவிகளின் பேழையில் ஐயத்துக்குரிய அரசர், முறையான அரசர் என்ற பிரிவினை இல்லை. பீடும் ஓரிடத்தில் தம்மையறியாமல் இதற்கு உடன்படுகிறார். 692 ஜூலையில் பெர்ட்வால்ட் தலைமைப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்லும்போது, அப்போது கென்ட்டை ஆண்டவர்கள் விட்ரெட்டும் ஸ்வாஃப்ஹேர்டும் என்று எழுதுகிறார். எசெக்ஸிலிருந்து வந்த அந்த ஸ்வாஃப்ஹேர்ட், ஓஸ்வினின் சாசனத்தில் சாட்சியாக நின்ற அதே மனிதர். விட்ரெட்டின் பக்கத்தில் நிற்கும்போது அவர் அரசர் என்றால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓஸ்வினின் பக்கத்தில் நின்றபோதும் அரசர்தான். அப்போது அவர் யாருடைய கொடைக்குச் சாட்சி சொன்னாரோ அவரும் அரசர்தான். கென்ட்டின் அரசர் வரிசையை இனி அச்சிடுபவர்கள் 689, 690ஆம் ஆண்டுகளுக்கு நேரே ஓஸ்வின் என்று, கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் இல்லாமல் போடலாம்.